"அந்த மெஷினைத் தலையில வெச்சுப் பாக்கக் கூடாதா சார்?"

நைட் டியூட்டி. மணி பதினொன்றரை இருக்கும்.

108-ல் ஒருவரைக் கொண்டு வந்தார்கள். வயது 58. லோடு இறக்கும் வேலை. வலது கையும் வலது காலும் துவண்டு கிடந்தன. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்ணைத் திறந்து பார்க்கிறார். பேச்சு வரவில்லை. கூட வந்தது மகள் மட்டும்தான்.

"எப்பம்மா இப்படி ஆச்சு?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு டீ குடிக்கும்போது நல்லாத்தான் சார் இருந்தாரு. ஏழு மணிக்குப் போய்ப் பாத்தா இப்படிக் கிடந்தாரு. பக்கத்து ஊர்ல வாதத்துக்கு எண்ணெய் தேய்ப்பாங்கன்னு சொன்னாங்க, அங்க போயிட்டு வர்றோம்."

சர்க்கரை பார்த்து, பிபி பார்த்து, சிடி ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். சிடி அறை அடுத்த கட்டடம். ஸ்ட்ரெச்சருக்காகக் காத்திருந்தோம். அப்போது அந்தப் பெண், சுவரோரம் நின்ற அல்ட்ராசவுண்ட் மெஷினைக் காட்டிக் கேட்டார்.

"சார், நான் மாசமா இருந்தப்ப இதுலதான பாத்தாங்க. குழந்தையோட நெஞ்சுத் துடிப்பே தெரிஞ்சுது. இங்கயே இருக்கே, அப்பா தலையில வெச்சுப் பாக்கக் கூடாதா?"

"அதுல தலை தெரியாதும்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். அவ்வளவுதான். அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. உலகத்தின் பெரிய மூளைகள் எல்லாம் ஏறக்குறைய 80 வருடமாக முட்டி மோதிய கேள்வி அது. அதற்கு நான் சொன்ன பதில் பாதிதான் சரி. மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன். நீளமான இழை. டீயோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஓர் அடிப்படை.

நாம் பக்கவாதம் என்று சொல்வது மூளையில் நடக்கும் விபத்து. அது இரண்டு வகை. ஒன்று, மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொள்வது. இன்னொன்று, குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது. பெரும்பாலானவை முதல் வகை.

வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதே கோணல் வாய், அதே துவண்ட கை. ஆனால் வைத்தியம் நேர் எதிர். அடைப்பு என்றால், குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்தவருக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். கசிவு உள்ளவருக்கு அதே ஊசியைப் போட்டால் ஆளையே கொன்றுவிடும்.

ஆகவே மண்டைக்குள் எட்டிப் பார்க்காமல் கை வைக்க முடியாது. அங்கேதான் சிக்கல். மண்டையோடு!

வயிற்றில் குழந்தையைப் பார்ப்பது சுலபம். தோல், கொழுப்பு, தசை, பனிக்குட நீர் என எல்லாம் மெத்து மெத்தென்ற பொருள்கள். ஒலி உள்ளே போய், எதிரொலித்துத் திரும்பி வரும். ஆனால் எலும்பு அப்படி இல்லை. வருகிற ஒலியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், மிச்சத்தையும் உறிஞ்சி, சிதறடித்துவிடும். மூளையைக் காப்பதற்காக இயற்கை கட்டிய கோட்டைச் சுவர் நமக்கும் கதவைச் சாத்திவிட்டது.

இந்தச் சுவரை முதலில் தட்டியவர் ஆஸ்திரியா நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல் டூசிக். ஊர் வியன்னா.

அவருக்கு முன்பே அடித்தளம் தயாராக இருந்தது. 1880-ல் பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வருவதைக் கண்டுபிடித்தார்கள். (பியர், மேரி கியூரியின் கணவர்.) மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும், ஒலி எழுப்பும் என்பதும் அடுத்து உறுதியானது. முதல் உலகப் போரில் பால் லாஞ்ஜவன் அதை வைத்துக் கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடினார். பிறகு இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கத் தொழிற்சாலைகள் பயன்படுத்தின.

கப்பலையும் இரும்பையும் பார்க்கலாம் என்றால் மூளையைப் பார்க்க முடியாதா? டூசிக்கின் கேள்வி இதுதான். நம்ம லோடுகாரர் மகளின் கேள்வியும் இதுதானே!

இயற்பியல் படித்த தன் தம்பி ஃபிரீட்ரிக்கைச் சேர்த்துக்கொண்டார் டூசிக். தலையின் ஒரு பக்கம் ஒலியை அனுப்புவது, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்து படமாக்குவது. கிட்டத்தட்ட எக்ஸ்ரே எடுப்பது போல. 1942-ல், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, கட்டுரை வெளியிட்டார். மருத்துவத்தில் நோயைக் கண்டறிய அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்திய முதல் முயற்சிகளில் ஒன்று அது. படங்களில் மூளையின் நீர் அறைகள் தெரிவதாகச் சொன்னார்.

பத்து வருடம் கழித்து, 1952-ல், ஜெர்மனியில் ஒரு குழு இதை மறுபடி சோதித்தது. கிடைத்த முடிவு கசப்பானது. டூசிக்கின் படத்தில் தெரிந்தது நீர் அறையே இல்லை. மண்டையோட்டின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் விழுந்த நிழல்! எலும்பு தன் முகத்தையே கண்ணாடியில் காட்டியிருக்கிறது. அவர் அதை மூளை என்று நம்பிவிட்டார்.

சிரிக்காதீர்கள். ஸ்கேனில் தெரிகிற நிழலை நோய் என்று நினைத்துக்கொள்வது இன்றைக்கும் எங்களுக்கு நடக்கும். டூசிக் எங்கள் எல்லோருக்கும் முன்னோடி. கண்டுபிடிப்பில் மட்டும் இல்லை, ஏமாந்துபோவதிலும்.

அடுத்த காட்சி சுவீடன். லுண்ட் நகரம். 1953.

அங்கே இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் கூட்டுச் சேர்ந்தார்கள். ஆமாம், நாம் பள்ளியில் படித்த அலைவரிசை அலகு 'ஹெர்ட்ஸ்' இருக்கிறதே, அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோக விரிசல் பார்க்கும் கருவி இருந்தது. ஹெர்ட்ஸ் அங்கே போய் முதலில் சோதித்துப் பார்த்தார். பிறகு அப்படிப்பட்ட ஒரு கருவியை இரவல் வாங்கி, 1953 அக்டோபரில் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். இன்று நாம் எக்கோ என்று சொல்வதன் பிறப்பு அது.

இதயத்துக்கும் பக்கவாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். எட்லர் பார்க்க நினைத்தது மைட்ரல் வால்வைத்தான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே லுண்டில், அதே காலத்தில், லார்ஸ் லெக்செல் என்ற மூளை அறுவை மருத்துவர் இருந்தார். பின்னாளில் காமா நைஃப் சிகிச்சையைக் கொண்டுவந்தவர். அவர் யோசித்தது வேறு மாதிரி. 'மூளை முழுவதையும் படம் பிடிக்க எதற்கு ஆசைப்பட வேண்டும்? எனக்கு ஒரே ஒரு கோடு தெரிந்தால் போதும்.'

மூளை இரண்டு பாதி. நடுவில் ஒரு கோடு. காதுக்கு மேலே ஒலியை அனுப்பினால் அந்த நடுக்கோட்டில் இருந்து ஓர் எதிரொலி வரும். தலையில் அடிபட்டு ஒரு பக்கம் இரத்தம் தேங்கினால், அது மூளையை மறுபக்கம் தள்ளும். நடுக்கோடு நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று திரையில் அளந்துவிடலாம்.

படம் இல்லை. சில முள் போன்ற கோடுகள், அவ்வளவுதான். ஆனால் வேலை செய்தது. தலையில் அடிபட்ட ஒரு கைக்குழந்தைக்கு இப்படிப் பார்த்து, எந்தப் பக்கம் இரத்தம் தேங்கியிருக்கிறது என்று கண்டுகொண்டார் லெக்செல். 1960-களில் உலகம் முழுக்க மருத்துவமனைகளில் இந்தக் கருவி வந்துவிட்டது. படுக்கைக்குப் பக்கத்திலேயே, சில நிமிடங்களில், ஊசி குத்தாமல்.

பிறகு ஒரே நாளில் கதை மாறியது. 1971 அக்டோபர் 1. லண்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனை. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சிடி ஸ்கேனுக்குள் முதல் நோயாளி படுத்தார். மண்டைக்குள் இருப்பது துண்டு துண்டாகப் படமாக வந்தது. கசிந்த இரத்தம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் பரிசு.

லெக்செலின் முள் கோடுகள் மூட்டை கட்டி மூலைக்குப் போயின. 'மூளைக்கு அல்ட்ராசவுண்ட்' என்ற அத்தியாயம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. ஏனென்றால் சிடி ஒரு போட்டோ. இரத்தம் ஓடுவதைப் பார்க்கப் போட்டோ போதாது.

ஓட்டத்தைப் பார்க்க வழி சொன்னவர் கிறிஸ்டியன் டாப்ளர். 1842, பிராக் நகரம். அவர் பேசியது நட்சத்திரங்களைப் பற்றி. நம்மை நோக்கி வரும் பொருளின் அலை நெருங்கி ஒலிக்கும், விலகிப் போகும் பொருளின் அலை தளர்ந்து ஒலிக்கும். 108 ஆம்புலன்ஸ் நம்மைக் கடந்து போகும் கணத்தில் சைரன் சுருதி இறங்குகிறதே, அதுதான். அப்போது ஆம்புலன்ஸ் ஏது? 1845-ல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்பவர் ஓடும் ரயிலில் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றி ஊதச் சொல்லி, தண்டவாளத்தருகே காது கூர்மையான இசைக்காரர்களை நிறுத்தி இதைச் சோதித்தார்!

நூறு வருடம் கழித்து ஜப்பான். ஒசாகாவில் சடோமுரா ஷிகெயோ யோசித்தார். ரயிலுக்குப் பதில் இரத்த அணுக்கள் என்றால்? தோல் மேல் ஒலியை வைத்தால், ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் சுருதி மாறுமே! மாறியது. 1959-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அடுத்த வருடமே, நாற்பதைத் தாண்டியதும் தாண்டாததுமாக, சடோமுரா இறந்துபோனார். தன் கண்டுபிடிப்பு எவ்வளவு தூரம் போகும் என்று அவர் பார்க்கவில்லை.

அது முதலில் போன இடம் கழுத்து.

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் கழுத்தில் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. கரோட்டிட் குழாய். தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிக்கும். (இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்காதீர்கள்!) பக்கவாதம் வந்தால் கோளாறு மூளைக்குள்தான் என்று நீண்ட காலம் நினைத்தார்கள். 1951-ல் கனடா மருத்துவர் மில்லர் ஃபிஷர், பல பக்கவாதங்களுக்குக் காரணம் கழுத்துக் குழாயில் படியும் கொழுப்புதான் என்று காட்டினார்.

ஆனால் அதைப் பார்ப்பது எப்படி? 1927-ல் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் கண்டுபிடித்த ஆஞ்சியோகிராம் ஒன்றுதான் வழி. குழாய்க்குள்ளேயே சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்தச் சோதனையாலேயே சிலருக்குப் பக்கவாதம் வந்தது. 1970-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்ட்ராண்ட்னெஸ் குழு குழாயின் படத்தையும் டாப்ளர் ஓட்டத்தையும் ஒரே கருவியில் சேர்த்தது. இப்போது கழுத்தில் ஜெல் தடவிப் பார்த்தாலே போதும்.

தத்துவம் ரொம்ப எளிது. ஹோஸ் பைப்பில் தண்ணீர் விடும்போது வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் என்ன ஆகும்? தண்ணீர் வேகமாகப் பீச்சும். குழாய் குறுகினால் வேகம் கூடும். வேகத்தை அளந்தால் குறுகல் தெரியும்.

1991-ல் வட அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, கழுத்துக் குழாய் 70 சதவீதத்துக்கு மேல் குறுகி, ஏற்கெனவே அறிகுறியும் வந்தவர்களை எடுத்துக்கொண்டது. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு 2 ஆண்டுக்குள் அதே பக்கம் பக்கவாதம் வந்தது. அறுவை செய்து கொழுப்பை அகற்றியவர்களில் 9 சதவீதம். கழுத்தில் பத்து நிமிடம் ஸ்கேன் வைத்துப் பார்ப்பதன் மதிப்பு அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

சரி, கழுத்து ஆச்சு. மண்டைக்குள்?

1982. ரூனே ஆஸ்லிட். நார்வே நாட்டவர், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வேலை.

அவர் கோட்டைச் சுவரை உடைக்கவில்லை. சுற்றி வந்து ஒரு ஜன்னலைக் கண்டுபிடித்தார்.

உங்கள் கன்னத்து எலும்புக்கு மேலே, காதுக்குச் சற்று முன்னால் விரலை வையுங்கள். நெற்றிப்பொட்டு என்போமே, அந்த இடம். மண்டையோட்டில் எலும்பு மெலிந்திருக்கும் இடங்களில் ஒன்று அது. கழுத்துக்கு வைப்பது போல அதிக அலைவரிசை ஒலியை வைத்தால் எலும்பு விழுங்கிவிடும். ஆஸ்லிட் அலைவரிசையை 2 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தார். குறைந்த அலைவரிசை எலும்பைக் கொஞ்சம் எளிதாகத் தாண்டும். தாண்டியது. சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் மூளையின் முக்கியமான நடுத் தமனியின் ஓட்டம் 'உஷ்... உஷ்...' என்று ஸ்பீக்கரில் கேட்டது.

படம் கிடையாது. ஓசையும் ஓர் அலைக்கோடும் மட்டும். ஆரோக்கியமானவர்களுக்கு அந்த வேகம் சராசரியாக நொடிக்கு 62 சென்டிமீட்டர் என்று அளந்தார். டூசிக் மூளையைப் 'பார்க்க' ஆசைப்பட்டுத் தோற்றார். ஆஸ்லிட் மூளையைக் 'கேட்டு' ஜெயித்தார்.

இதற்குப் பெயர் டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர். சுருக்கமாக டிசிடி.

இதனால் யாருக்கு என்ன லாபம்? இரண்டு கதை சொல்கிறேன். ஒன்று வெற்றி. ஒன்று தோல்வி.

வெற்றிக் கதை குழந்தைகளைப் பற்றியது.

சிக்கிள் செல் என்று ஒரு பரம்பரை இரத்த நோய். வட்டமான சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோய்க் குழாய்களை அடைக்கும். இந்தக் குழந்தைகளுக்கு மூன்று வயதிலும் ஐந்து வயதிலும்கூடப் பக்கவாதம் வரும். ஏதோ ஆப்பிரிக்கா, அமெரிக்கா சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் இந்த மரபணு முதலில் கண்டறியப்பட்டதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் அதைப் பதிவு செய்தார்கள்.

எந்தக் குழந்தைக்குப் பக்கவாதம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் ஆடம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இந்தக் குழந்தைகளின் நெற்றிப்பொட்டில் டாப்ளரை வைத்து வருடக்கணக்கில் கேட்டார். ஓட்டம் நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று கண்டுகொண்டார்.

பிறகு அப்படிப்பட்ட 130 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்குத் தொடர்ந்து இரத்தம் ஏற்றினார்கள். வழக்கமான சிகிச்சையில் 11 குழந்தைகளுக்குப் பக்கவாதம் வந்தது. இரத்தம் ஏற்றியவர்களில்? ஒரே ஒரு குழந்தை. இனியும் பாதிப் பேருக்குச் சிகிச்சை தராமல் இருப்பது தர்மம் இல்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 1998-ல் முடிவு வெளியானது.

யோசித்துப் பாருங்கள். கதிர்வீச்சு இல்லை. ஊசி இல்லை. குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்திருக்கும்போதே நெற்றிப்பொட்டில் ஒரு குச்சியை வைத்துக் காது கொடுத்துக் கேட்கிறார் ஒருவர். வராத பக்கவாதத்தைக் கேட்டுவிடுகிறார். பக்கவாத மருத்துவத்தில் இதைவிட அழகான கதை எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது தோல்விக் கதை. இதையும் சொல்ல வேண்டும். மருத்துவ வரலாறு என்று வெற்றியை மட்டும் எழுதினால் அது விளம்பரம்.

1990-களின் நடுவில் கட்டியைக் கரைக்கும் ஊசி வந்தது. கரைகிறதா இல்லையா என்று பார்க்கச் சில மருத்துவர்கள் டிசிடி-யை நோயாளியின் தலையில் கட்டி வைத்தார்கள். ஒலி பட்டுக்கொண்டே இருந்தவர்களுக்குக் கட்டி சீக்கிரம் கரைகிற மாதிரி தெரிந்தது. ஒலி கட்டியை உலுக்கி, மருந்தை உள்ளே புகுத்துகிறதோ?

அலெக்சாண்ட்ரோவ் குழு 126 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2004-ல் வெளியிட்டது. ஊசியோடு 2 மணி நேரம் டாப்ளரும் வைத்தவர்களில் 49 சதவீதம் பேருக்குக் குழாய் முழுதாகத் திறந்தது அல்லது வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. ஊசி மட்டும் என்றால் 30 சதவீதம். உலகமே துள்ளியது.

ஆனால் ஜெர்மனியில், அலைவரிசையை இன்னும் ரொம்பக் குறைத்துச் சோதித்த வேறொரு ஆய்வில் நோயாளிகளுக்கு மூளையில் கசிவு கூடியது. பாதியில் நிறுத்தினார்கள். எலும்பை எளிதாகத் தாண்டும் ஒலி, உள்ளே எங்கெல்லாம் போய் எதையெல்லாம் உலுக்கும் என்று யாருக்கும் பிடி இல்லை.

கடைசியாக 676 நோயாளிகளோடு பெரிய ஆய்வு. 2019-ல் முடிவு வந்தது. கூடுதல் பலன் இல்லை. இத்தனைக்கும் யாரும் ஏமாற்றவில்லை. சின்ன ஆய்வில் மின்னியது பெரிய ஆய்வில் மங்கிவிட்டது. அடுத்த முறை 'புது மருந்து, 50 பேருக்குக் குணம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இன்றைக்குப் பக்கவாத நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் இந்த மெஷின் என்னதான் செய்கிறது?

கழுத்துக் குழாய் குறுகியிருக்கிறதா என்று பார்க்கிறது.

மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு ஏற்பட்டவர்களுக்கு அடுத்த இரண்டு வாரத்தில் குழாய்கள் இறுகிச் சுருங்கும் ஆபத்து உண்டு. ஆஸ்லிட் டிசிடி-யை ஆரம்பத்திலேயே பயன்படுத்தியது இதற்குத்தான். தினமும் ஸ்கேன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாத நோயாளியைப் படுக்கையிலேயே தினமும் கேட்கலாம்.

இதயத்தில் இருந்து கட்டி கிளம்பியதா என்று தேட உதவுகிறது. எட்லர் ஞாபகம் இருக்கிறதா? சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்கள் நம் நாட்டில் நிறைய. முப்பது, நாற்பது வயதுப் பெண்களுக்குப் பக்கவாதம் வந்தால் எங்கள் கை முதலில் நெஞ்சுக்குத்தான் போகும்.

அசைவில்லாமல் கிடக்கும் காலின் சிரைகளில் இரத்தம் உறைகிறதா என்று பார்க்கிறது. அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

செய்யாதது என்ன? அடைப்பா, கசிவா என்ற அந்த முதல் கேள்விக்கு நம்பகமான பதில் சொல்லாது. அதற்கு சிடிதான் வேண்டும். டிசிடி-யிலும் பத்தில் ஒருவர், இருவருக்கு அந்த ஜன்னல் எலும்பு தடித்திருக்கும். வயதான பெண்களுக்கு அது அதிகம். ஒன்றுமே கேட்காது. பிடிக்கும் கையின் பயிற்சியைப் பொறுத்துத்தான் எல்லாமே.

நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. கருவில் இருப்பது பெண் என்று தெரிந்தால் கலைத்த கொடுமையால் 1994-ல் சட்டம் வந்தது. அதனால் ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் மெஷினும் பதிவு செய்யப்பட வேண்டும், நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஸ்டெதஸ்கோப் மாதிரி பையில் போட்டுக்கொண்டு போகும் அளவுக்கு மெஷின் சின்னதாகிவிட்டது. ஆனால் நாம் செய்த பாவம் அதைக் கட்டிப் போட்டிருக்கிறது. சட்டம் தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஒரு பெண் பிள்ளையைக் கொன்றதற்கு விலையை யார் யாரெல்லாம் கொடுக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

அந்த லோடுகாரர் என்ன ஆனார்?

சிடி வந்தது. கசிவு இல்லை. அடைப்பு. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்தக் கெடு தொடங்குவது 'கண்டுபிடித்த' நேரத்தில் இருந்து இல்லை. அவர் கடைசியாக 'நல்லா இருந்த' நேரத்தில் இருந்து. அதாவது டீ குடித்த ஐந்து மணி. எங்களிடம் வரும்போது ஆறரை மணி நேரம் கடந்துவிட்டது. எண்ணெய் தேய்த்த இடத்தில் அந்த ஊசி கரைந்துபோயிருந்தது.

வார்டில் சேர்த்தோம். மறுநாள் அதே மெஷினை அவர் படுக்கைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நாடி தாறுமாறாக இருந்தது. நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். இதயத்தின் இடது மேலறை பெருத்திருந்தது. இதய மருத்துவரும் பார்த்து உறுதி செய்தார். கட்டி கிளம்பிய இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது பக்கவாதம் வராமல் இருக்க எந்த மருந்து, எப்போது தொடங்குவது என்பது அதற்குப் பிறகு தெளிவானது.

மகள் பக்கத்தில்தான் நின்றார். இந்த முறை தள்ளி நிற்கச் சொல்லவில்லை. திரையைக் காட்டினேன்.

"இதான்மா அப்பாவோட இதயம்."

"தலைக்கு வெக்க மாட்டீங்களா சார்?"

"தலைக்கும் வெப்பாங்கம்மா. ஆனா நேத்து ராத்திரி நீங்க கேட்டதுக்கு இது பதில் சொல்லியிருக்காது."

இப்போது கைத்தடியோடு நடக்கிறார். சில வார்த்தைகள் வருகின்றன. மூட்டை தூக்க முடியாது.

மண்டையோட்டைத் தாண்டி ஓர் ஓசையைக் கேட்க மனிதர்களுக்கு 1942-ல் இருந்து 1982 வரை நாற்பது வருடம் ஆனது. ஆனால் இந்த அறிவு எதுவும் அன்று அந்த மனிதரின் கைக்கு உதவவில்லை. காரணம் மெஷின் இல்லை. கடிகாரம்.

ஆகவே நண்பர்களே, இழையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். வாய் கோணுகிறதா, ஒரு கை விழுகிறதா, பேச்சு குழறுகிறதா? எண்ணெய் வேண்டாம், புறா இரத்தம் வேண்டாம். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்க வேண்டாம், புரையேறும். தனியாக ஸ்கேன் சென்டர் தேடியும் அலைய வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். சிடி ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கு நேராக வாருங்கள்.

வரும்போது ஒரே ஒரு தகவலைக் கொண்டு வாருங்கள்.

அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?